கோட்டு போட்ட சுருளிவேல்

சாவிக்கொத்து உங்கள் இருவர் கைக்கும் வந்துவிட்டது. மேசை இழுப்பறையைக் கொஞ்சம் தூக்கி இழுத்தால்தான் திறக்கும் என்று சொல்லிவிட்டேன். கீழே டயர் கடையில் காற்றடிக்கும்போது வெளிநாட்டுப் போன் வந்தால் மொட்டைமாடிக்கு ஓடிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். எந்த மனு எந்தத் துறைக்கு, தூதரகத்துக்கு எப்படி எழுதுவது என்பதையெல்லாம் நம் உதவி மையத்தை நடத்தும் வக்கீலம்மா சலிக்காமல் சொல்லித் தருவார். உங்களுக்குச் சலிக்கும், அவருக்குச் சலிக்காது.

நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. முப்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் ஓய்வு பெற்ற தாசில்தார் மாதிரி அனுபவம் பேச வந்துவிட்டாள் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். நான் சட்டம் படிக்கப் போகிறேன். இனி இந்த நாற்காலியில் உட்கார மாட்டேன், அதனால் இந்த வேலையைப் பொறுத்தவரை எனக்கு ஓய்வுதான். போவதற்கு முன் ஒரே ஒரு கதையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லித் தர மாட்டார்கள்.

முதலில் ஒரு வார்த்தை. நம் படிவங்களில் 'உரிய ஆவணங்கள் இன்றி வெளிநாட்டில் தங்கியிருப்பவர்' என்று எழுதுவோம். வீடுகளில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'கல்லிவெல்லி' என்பார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போய், கூட்டிப்போன முதலாளி சம்பளம் தராமலோ அடித்தோ படுத்தியதால் அவரை விட்டு ஓடி, பாஸ்போர்ட்டும் இல்லாமல் வேறெங்கோ ஒளிந்து வேலை பார்க்கும் ஆளுக்கு அந்தப் பெயர். அரபியில் அதற்கு என்ன அர்த்தமோ, நம் பெண்கள் அதைச் சொல்லும்போது பாதி வெட்கமும் பாதி வீம்பும் இருக்கும். "எங்க வீட்டுக்காரக கல்லிவெல்லியா இருக்காக" என்று ஒரு பெண் சொன்னால், உங்களை நம்பிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம்பாதவள் "நல்லா இருக்காக" என்றுதான் சொல்வாள்.

ஈஸ்வரி அக்கா என்னிடம் அதைச் சொல்லக் கொஞ்ச காலம் பிடித்தது.

கோம்பைக்காரர். காலையில் ஜீப்பில் கம்பம் மெட்டு ஏறிக் கேரளாவுக்குள் ஏலத்தோட்ட வேலைக்குப் போய், சாயங்காலம் இறங்கி வருகிறவர். முதன்முதலில் நம் அலுவலகத்துக்கு அவர் வரவில்லை, அவருடைய கொழுந்தன் பாண்டி வந்தான். கட்சி இளைஞர் அணியில் இருந்தான். சட்டைப் பையில் தலைவர் படம், கையில் இரண்டு போன். "எங்க அண்ணன் சுருளிவேலு அங்கன மாட்டிக்கிட்டாக. மீட்டுத் தரணும்" என்று மேசையைத் தட்டினான்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். சுருளிவேல் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. சுருளி அருவி இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு யாரையும் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் காரணம் கதையிலும் வரும்.)

வக்கீலம்மாவிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். குடும்பத்தார் எவ்வளவு அழுதாலும், வெளியே இருக்கும் ஆளிடம் நேரடியாகப் பேசாமல் ஒரு துரும்பையும் எடுத்துப்போட மாட்டார். எனக்கு அப்போது அது எரிச்சலாக இருந்தது. ஆள் ஆபத்தில் இருக்கும்போது அபிப்பிராயம் என்ன கேட்பது என்று நினைத்தேன். அவர் அசையவில்லை. போனில் பேசினோம்.

நகரத்துக்கு வெளியே ஒரு காய்கறிப் பண்ணையில் இருந்தார் சுருளிவேல். வலைக் கூடாரத்துக்குள் தக்காளி. கோம்பையில் என்ன செய்தாரோ அதையே பாலைவனத்தில் செய்துகொண்டிருந்தார்.

"மீட்கிறதா? என்னாத்துக்கு மேடம்?" என்றார். "அந்த மொதலாளிகிட்ட இருந்து நானே என்னைய மீட்டுக்கிட்டேன். இங்கன நல்ல மனுசங்க. ஒரு ஒளிவுமறைவாத்தான் இருக்கேன். பாண்டிய சும்மா கெடக்கச் சொல்லுங்க. அவன் சத்தம் போட்டா எனக்குத்தான் ஆபத்து."

பாண்டி முகம் தொங்கிப்போனது. நாங்கள் அந்தக் கோப்பை அப்படியே மூடிவைத்தோம். மீட்கப்பட விரும்பாத ஒருவரை மீட்க நமக்கு உரிமையில்லை. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பு போதவில்லை, அந்த ஒரு போன் போதுமாயிருந்தது.

பிறகு அந்த நாட்டில் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். ஆவணம் இல்லாதவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் அபராதமின்றி ஊர் திரும்பலாம். முதலாளி கொடுத்திருக்கும் 'ஓடிப்போனான்' புகார் ரத்தாகிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. திருட்டு மாதிரிப் போலீஸ் வழக்கு ஏதாவது இருந்தால் மன்னிப்பு கிடையாது, சிறைதான்.

சுருளிவேல் அவராகவே கூப்பிட்டார். குரலே வேறு மாதிரி இருந்தது.

"மேடம், வந்துருவோம்னு இருக்கேன். பாப்பா போன்ல, அப்பா ஒங்களுக்கு மீச இருக்கா இல்லையான்னு கேக்குது. நான் என்ன பதில் சொல்ல?"

தூதரகத்திடம் 'அவுட்பாஸ்' வாங்கினோம். பாஸ்போர்ட் இல்லாதவர் ஒருமுறை ஊர் திரும்பப் பயன்படும் தாள் அது. அடுத்து அந்த நாட்டுக் குடியேற்ற அலுவலகத்தில் வெளியேறும் முத்திரை விழ வேண்டும். அதற்கு அவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை கொடுத்திருந்தார்கள். முத்திரை விழுந்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. விழும்வரை, பழைய முதலாளி மனது வைத்தால் ஒரு திருட்டுப் புகார் போதும்.

முதலாளியைவிட எங்களுக்குப் பயம் அவருடைய சூப்பர்வைசர் மேல்தான். அவர் நம் பள்ளத்தாக்குக்காரர். சுருளிவேலுக்கு அங்கே பொறுப்பாக நின்றவர் அவர்தான். ஆள் ஓடியதும் முதலாளி இவர் மேல் பாய்ந்திருக்கிறார். அந்தக் கசப்பு அவருக்கு. ஊர் வாட்சாப் குழுக்கள் எல்லாவற்றிலும் இருக்கிற ஆள். கோம்பையில் யார் வீட்டுக் கோழி காணாமல்போனாலும் அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே ஒரே விதி. விமானம் கிளம்பும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஈஸ்வரி அக்காவுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். பாண்டிக்குச் சொல்லவில்லை.

சொல்லாததால் என்ன ஆயிற்று என்றால், பாண்டி அவனுக்குத் தெரிந்த வழியில் அண்ணனுக்கு உதவப் போய்விட்டான்.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. பொதுமன்னிப்புச் செய்தி வந்ததும் ஆவணம் இல்லாமல் வெளியே இருப்பவர்கள் திடீரென்று எல்லாக் கட்சிக்கும் சொந்தக்காரர்கள் ஆனார்கள். ஒரு தரப்பு 'நம் மண்ணின் பிள்ளைகளை மீட்டே தீருவோம்' என்றது. இன்னொரு தரப்பு டீக்கடையில், 'திருட்டுத்தனமா இருந்தவனுக்கெல்லாம் அரசாங்கம் எதுக்கு டிக்கெட் எடுக்கணும்?' என்று கேட்டது. இரண்டு தரப்பிலும் சிலர் அதே வாயால், செங்கல் சூளையில் வேலை பார்க்கும் வடநாட்டுப் பையன்களைக் காட்டி 'இவனுககிட்ட என்ன பேப்பர் இருக்குன்னு கேளுங்கப்பா' என்றார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. வெளியே இருக்கிறவரால் இங்கே வந்து ஓட்டுப் போட முடியாது. அவருடைய போட்டோவால் முடியும். அதை எல்லோரும் கண்டுபிடித்திருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் ஸ்கூட்டியில் கோம்பைக்குள் நுழைந்தேன். கடைவீதியில் தலை நிமிர்ந்தவள் பிரேக்கைப் பிடித்துவிட்டேன்.

பனைமர உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ். 'அயல்மண்ணில் வாடும் எங்கள் தங்கம் சுருளிவேலை மீட்கப் போராடும்…' என்று ஆரம்பித்துக் கட்சித் தலைவர்கள் வரிசை. ஞாயிற்றுக்கிழமை மாலை மாபெரும் பொதுக்கூட்டம். நடுவில் சுருளிவேல். எனக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. பாண்டி கொடுத்தது பழைய ரேஷன் கார்டு போட்டோவாம். பிளெக்ஸ் கடையில் வழக்கம்போல வேலை காட்டியிருந்தார்கள். கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, நம் ஊரில் பிளெக்ஸில் ஏறுகிற யாரும் அவரவர் நிறத்தில் ஏறியதில்லையே. முகத்தை ரோஸ் பவுடர் நிறத்துக்கு வெளுத்து, கூலிங் கிளாஸ் மாட்டி, கழுத்துக்குக் கீழே யாருடைய உடம்பையோ நீலக் கோட்டோடு ஒட்டியிருந்தார்கள். வாடுகிற ஆள் மாதிரி இல்லை, மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பிய ஆள் மாதிரி இருந்தார்.

வக்கீலம்மாவைக் கூப்பிட்டேன். அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு, "ஒன்றியத்தைப் போய்ப் பார்ப்போம்" என்றார்.

ஒன்றியம் என்றால் கட்சியின் ஒன்றியச் செயலாளர். நம் பக்கம் பதவியே பெயராகிவிடும். மாவட்டச் செயலாளரை 'மாவட்டம்' என்றுதான் சொல்வார்கள். ஒன்றியத்துக்கு ஐம்பது வயதிருக்கும், பருத்த உடம்பு, மெல்லிய குரல். மைக் இல்லாமல் அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"குடும்பமே கேட்டுக்குது அண்ணே. இந்த வாரம் மட்டும் வேணாம். அடுத்த வாரம் எவ்வளவு பெரிய கூட்டம் வேணும்னாலும் போடுங்க" என்றேன்.

"ஏன் பாப்பா இந்த வாரம் வேணாம்?"

அங்கேதான் சிக்கல். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார். புரிந்துகொண்டதை மாவட்டத்திடம் சொல்வார். மாவட்டம் மேடையில் 'செவ்வாய்க்கிழமை சுருளிவேல் விடுதலை, எங்கள் முயற்சிக்கு வெற்றி' என்று அறிவிப்பார். வக்கீலம்மா என்னைப் பார்த்தார்.

"சத்தம் போட்டா அவருக்கு ஆபத்து" என்று மட்டும் வக்கீலம்மா சொன்னார்.

ஒன்றியம் பந்தலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேசினார். "எந்தம்பி மலேசியால இருந்தான். பெர்மிட் இல்லாமத்தான். புடிச்சு உள்ள வச்சுட்டான். அப்ப ஒங்கள மாதிரி நாலு பேரு வந்து இதத்தான் சொன்னாக. சத்தம் போடாதீக, அமைதியா இருங்க, நாங்க பாத்துக்கிறோம். நாங்களும் பொத்திக்கிட்டு இருந்தோம். பொட்டியிலதான் வந்தான் பாப்பா. அன்னைக்கி ஒருத்தனும் எங்களுக்காக மைக் புடிக்கல. அதுக்கப்பறம்தான் நான் மைக்கப் புடிச்சேன்."

அவர் ஓட்டுக்காகத்தான் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு, அவர் தம்பிக்காகவும் செய்கிறார் என்று தெரிந்தது. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கும். இவர்களோடு வேலை செய்யும்போது அதில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

"மாவட்டம் வாராக. மேட போட்டாச்சு. கம்பேனி பேரச் சொல்லாம பாத்துக்கிறேன். அம்புட்டுத்தான் என்னால ஆகும்" என்றார்.

திரும்பும்போது நான் ஒரு திட்டம் போட்டேன். ஈஸ்வரி அக்காவும் குழந்தையும் ஞாயிற்றுக்கிழமை ஊரிலேயே இருக்கக் கூடாது. பண்ணைப்புரத்தில் அவர் அக்கா வீடு இருந்தது, அங்கே போய்விடட்டும். மனைவி மேடையில் இல்லாவிட்டால் கூட்டம் பிசுபிசுத்துவிடும். வக்கீலம்மாவும் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது ஈஸ்வரி அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார். பையைக் கட்டியிருக்கவில்லை.

"சூப்பர்வைசரு போன் பண்ணாரு" என்றார், கையை நிறுத்தாமல். "பிளெக்ஸ் பாத்தாராம். தங்கச்சி, ஒன் வீட்டுக்காரன் ஊருக்கு வர ஏற்பாடு நடக்குதாமே, எங்கன இருக்கான்னு கேக்குறாரு. கூட்டத்த லைவுல போடுறாகளாம், பாக்கப் போறேங்கிறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எந்த பிளெக்ஸுன்னு கேட்டேன்."

"சரி, இப்பவே கிளம்பலாம் அக்கா. நீங்க அங்க இருக்கவே கூடாது."

அவர் நிமிர்ந்தார். "நான் போயிட்டா? புருசன் வரப்போறான், அதான் பொண்டாட்டி ஒளிஞ்சுக்கிட்டான்னு அந்தாளுக்குத் தெரிஞ்சுபோகும். மேடையில பாண்டி ஏறிப் பேசுவான். அவனுக்கு மைக்கக் குடுத்தா அவன் அண்ணன் எந்தப் பண்ணையில இருக்காகங்கிறது வரைக்கும் ஒளறிருவான். நான் போறேன்."

"போய் என்ன சொல்லுவீங்க?"

"அங்கன போயிப் பாப்போம். நாங்க தெனமும் பார்டர் தாண்டுறவளுக. செக்போஸ்ட்ல ஜீப்புக்குத்தான பேப்பர் கேக்குறான், எங்களையா கேக்குறான்? முகத்த ஒண்ணுந்தெரியாத மாதிரி வச்சுக்கிட்டாப் போதும்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் கடைவீதி நிறைந்திருந்தது. யூடியூப் சேனல் ஒன்று மேடைக்கு எதிரே கேமராவைப் போட்டிருந்தது. முன்வரிசையில் ஈஸ்வரி அக்காவோடு ஜீப்பில் போகும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாவட்டம் சந்தன மாலையோடு நடுநாற்காலியில். பாண்டி மேடையில் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிக்கொண்டிருந்தான். நான் பக்கவாட்டில் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகே நின்றேன்.

ஒன்றியம் மைக்கைப் பிடித்தார். மெல்லிய குரல் ஊர் முழுவதும் பரவியது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, வாக்கைக் காப்பாற்றினார். பிறகு, "இதோ, கண்ணீரோட நிக்கிது நம்ம தங்கச்சி" என்று ஈஸ்வரி அக்காவை மேடைக்கு அழைத்தார். அக்கா கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஏறினார். பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். நிதானமாக, மேலிருந்து கீழ்வரை.

"இது யாருண்ணே?" என்றார் மைக்கில்.

கூட்டம் சலசலத்தது. ஒன்றியம் சிரிக்க முயன்றார். "என்னாத்தா, ஒன் வீட்டுக்காரன்தான்."

"எங்க வீட்டுக்காரகளா? அவுக இம்புட்டுச் செவப்பா இருந்தா நான் எதுக்குண்ணே ஏலத்தோட்டத்துக்குப் போறேன்? சினிமாவுல நடிக்க விட்டுருக்க மாட்டேன்?"

சிரிப்பு வெடித்தது. கேமராக்காரன் பிளெக்ஸுக்கும் அவருக்குமாகத் திருப்பினான். அக்கா சிரிக்கவில்லை. ஒன்றியத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வேற எந்தச் சுருளிவேலோ அண்ணே. எங்க வீட்டுக்காரக மலேசியால இருக்காக. ஒங்க தம்பி இருந்தாகல்ல, அந்த ஊர்லதான். ஒங்களுக்குத் தெரியாததா?"

அது பொய் என்று அந்தக் கூட்டத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். சுருளிவேல் வளைகுடாவுக்குப் போனவர் என்று அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. வழியனுப்ப வந்தவர்களே அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒருவர் 'என்ன ஈஸ்வரி ஒளர்ற' என்று கத்தினால் முடிந்தது.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஜீப்பில் வரும் பெண்களில் ஒருத்தி. "ஆமாப்பா, ஈஸ்வரி புருசன் கரிக்கட்ட மாதிரில்ல இருப்பாரு. இது யாரோ கோட்டுப் போட்ட தொர."

"எங்க தெருவுல கல்லெறிஞ்சா ஏதாவது ஒரு சுருளி மேலதான் விழும். எந்தச் சுருளியோ!" என்றாள் இன்னொருத்தி.

பின்னால் ஆண்கள் பக்கமிருந்தும் ஒருவர், "மலேசியாதாம்ப்பா, எனக்குத் தெரியும்" என்றார். அவருடைய மகனும் வளைகுடாவில் கல்லிவெல்லியாக இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கணத்தில்தான் புரிந்தது, அங்கே எத்தனை வீடுகளில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று. யாரும் யாரிடமும் எதுவும் பேசிவைக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை.

மாவட்டத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னய்யா கூத்து இது? அந்த உதவி மையத்துப் பொண்ணு நிக்கிதுல்ல. மனு அதுகிட்டதான இருக்கும். ஆமாவா இல்லையான்னு அத ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க."

மைக் என் கைக்கு வந்தது. தம்பி, தங்கையே, இந்த இடத்தைக் கவனியுங்கள். 'இல்லை' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஈஸ்வரி அக்கா பொய் சொல்லலாம், அது அவர் வீடு, அவர் புருஷன். நான் சொன்னால் அது அலுவலகம் சொன்னதாகிவிடும். நாளைக்கு இதே தெருவில் எவரும் எங்கள் வார்த்தையை நம்பத் தேவையில்லை. 'ஆமாம்' என்றாலோ ஒரு மனிதன் சிறைக்குப் போவான். கேமராவின் சிவப்பு விளக்கு என்னையே பார்த்தது. அதற்கு அந்தப் பக்கம் அந்தச் சூப்பர்வைசர்.

"எங்ககிட்ட யார் வந்தாங்க, யார் வரலைங்கிறதை மேடையில சொல்றதில்லை. இந்தத் தெருவுல இருக்கிற யாரைப் பத்திக் கேட்டாலும் இதே பதில்தான்" என்றேன்.

மைக்கை ஒன்றியம் வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார், ஈஸ்வரி அக்காவின் கையைப் பார்த்தார். முந்தானை நுனியை அவர் முறுக்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. தன் தம்பி பேச்சு அந்த மேடையில் எதற்கு வந்தது என்று ஒன்றியத்துக்கு விளங்கியிருக்க வேண்டும். அவருக்கு முன்னால் மாவட்டம், பின்னால் பனைமர உயரப் பிளெக்ஸ், எதிரே தேர்தல். பிடிவாதம் பிடித்திருந்தால் நிரூபித்திருக்கலாம். ரேஷன் கார்டு பாண்டி பையிலேயே இருந்தது.

"ஏலே பாண்டி," என்றார். "யாரு போட்டோவடா குடுத்த?"

பாண்டி மதினியைப் பார்த்தான். அவன் எவ்வளவு புரிந்துகொண்டான் என்று எனக்குத் தெரியாது. மதினி அவனைப் பார்த்த பார்வை அவனுக்குப் புரிந்தது.

"மாத்திக் குடுத்துட்டேண்ணே" என்றான். தலை குனிந்துகொண்டான்.

"கேட்டுக்கிட்டீகளா?" ஒன்றியம் கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆள் மாறிப்போச்சு. தப்பு எங்க மேலதான். யாரு எங்கன இருக்கான்னே தெரியாம மீட்கக் கெளம்பிட்டோம். இந்த ஆத்தா மன்னிக்கணும்."

விசில் பறந்தது. மாவட்டம் துண்டை உதறிக்கொண்டு காருக்குப் போய்விட்டார். அந்த வீடியோ இரண்டு நாள் பள்ளத்தாக்கு முழுக்க ஓடியது. 'ஆள் மாத்தி ஒன்றியம்' என்று எதிர்க்கட்சிக்காரர்கள் பெயரே வைத்துவிட்டார்கள்.

சூப்பர்வைசர் நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நம்பியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் ஊரே சிரித்த ஒரு வீடியோவை எடுத்துக்கொண்டு போய், முதலாளியிடம் புகார் கொடுங்கள் என்று சொல்ல எந்த ஆளுக்கும் தயக்கம் வரும். எங்களுக்கு அந்தத் தயக்கம் போதுமாயிருந்தது. செவ்வாய்க்கிழமை முத்திரை விழுந்தது. கொச்சியில் இறங்கி, குமுளி வழியாக மலை இறங்கிப் பஸ்ஸில் வந்தார் சுருளிவேல். மாலை இல்லை, மேளம் இல்லை. மீசை இருந்தது. குழந்தை தொட்டுப் பார்த்தது.

அந்த பிளெக்ஸ் இப்போது ஈஸ்வரி அக்கா வீட்டு ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை. கோட்டுக்காரர் உள்பக்கமாக ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்றியம் கிளப்பிவிட்ட கேள்வி இன்னும் என்னோடுதான் இருக்கிறது. எப்போது சத்தம் போடுவது, எப்போது அடக்கிக்கொள்வது? அவர் தம்பிக்குச் சத்தம் தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. சுருளிவேலுக்கு அமைதி தேவைப்பட்டது, பிளெக்ஸ் கிடைத்தது. இதற்கு ஒரு பொது விதி கேட்டு வக்கீலம்மாவை நச்சரித்திருக்கிறேன். "அவங்ககிட்டயே கேளு" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. அந்த ஆளைக் கேட்காமல் மைக்கைப் பிடிக்காதீர்கள். மற்றதையெல்லாம் அன்றன்றைக்கு நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்றே ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஊர் வந்த சில நாள் கழித்து, ஒன்றியத்தைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று சுருளிவேல் பிடிவாதம் பிடித்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைவீதி டீக்கடையில் ஒன்றியம் உட்கார்ந்திருந்தார். கடை நிறையக் கூட்டம். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அப்போதுதான், "என்ன ஒன்றியம், இன்னைக்கி யார மீட்டீக?" என்று வம்பிழுத்துவிட்டு டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

சுருளிவேல் நேராகப் போய் எதிரே நின்று கையைக் கூப்பினார். "அண்ணே, நான்தான்…"

ஒன்றியம் விரலை நீட்டி 'இதோ நிக்கிறான் பாரு, அந்த ஆள்' என்றிருந்தால் போதும், அந்தப் பட்டப்பெயர் அந்த நிமிடமே செத்திருக்கும். ஆனால் அன்றைக்குக் கூட்டத்தில் ஆண்கள் பக்கமிருந்து மலேசியா என்று சாட்சி சொன்ன பெரியவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் மகன் அப்போதும் வளைகுடாவில் கல்லிவெல்லிதான்.

ஒன்றியம் சுருளிவேலை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருப்பா நீ? அடையாளமே தெரியலையே" என்றார். பிறகு பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம்விட்டார். "ஒக்காரு. டீ சாப்புடு."